குனிந்த முதுகுகளின் கணக்கு

மனிதன் தன்னை வருத்திய நோய்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது முதலில் எண்ணியது பிணங்களைத்தான். இலண்டன் மாநகரில் வாரந்தோறும் எத்தனை பேர் இறந்தனர், எந்த நோயால் இறந்தனர் என்று அச்சிட்டு விற்கப்பட்ட பட்டியல்களைத் திரட்டி, ஜான் கிரான்ட் என்னும் துணிமணி வணிகர் 1662-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மக்கள்தொகைப் புள்ளியியல் என்னும் கலை அந்த நூலில் பிறந்ததாகவே அறிஞர் கூறுவர். கொள்ளைநோய்க்கு அதில் இடம் உண்டு. அம்மைக்கும் காய்ச்சலுக்கும் இடம் உண்டு. ஆயின், தேம்ஸ் நதிக்கரையில் மூட்டை சுமந்து முதுகு கூனிப்போனவனுக்கும், ஊசி பிடித்து விரல் மடங்கிப்போனவளுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் சாகவில்லை, ஆகவே எண்ணப்படவுமில்லை.

கொல்லுகின்ற நோய் வந்தால் ஊர் அறியும். மூட்டிலும் தசையிலும் வருகின்ற நோயோ வீட்டோடு நின்றுவிடும். முதல் நாள் கூலி போகும். பிறகு வாரத்தில் இரண்டு நாள் கூலி போகும். தைலத்துக்கும் வைத்தியருக்குமாகக் கைப்பொருள் கரையும். மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கும். மனைவி புதிதாக ஒரு வேலைக்குப் போவாள். நாற்பது வயதில் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், அந்தக் குடும்பம் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விடுகிறது. இப்படி ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் தெருவே ஏழ்மைப்படுகிறது. இத்தனையும் செலவுதான். இந்தச் செலவை யார் ஏட்டில் எழுதுவது என்ற கேள்விக்கு விடை காண மனித சமுதாயம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசரின் மூட்டும் ஏவலரின் முதுகும்

பண்டை மருத்துவர்கள் மூட்டு நோயை அறியாதவர்கள் என்று எவரும் கருதிவிடலாகாது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பேரறிஞர் அர்-ராஸி மூட்டு வலிகளைக் குறித்துத் தனியே எழுதியிருக்கிறார். இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்-கானூன்’ நூலில் மூட்டுவலியையும், இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் ‘இர்குன் நஸா’ என்னும் நரம்பு வலியையும் ஆராய்ந்திருக்கிறார். அன்றைய ஹகீம்கள் கீல்வாயுவுக்குக் கொடுத்த சூரஞ்சான் கிழங்கின் இனத்திலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் பிரித்தெடுத்த கால்சிசின் என்னும் மருந்தை இன்றைய மருத்துவரும் அதே நோய்க்குக் கொடுக்கின்றனர். ஆயிரம் ஆண்டு அனுபவம் பொய்க்கவில்லை.

எனினும், வரலாற்றின் ஏடுகளில் ஏறிய மூட்டுகள் பெரும்பாலும் பெரிய மனிதரின் மூட்டுகளே. ஐரோப்பாவின் பாதியை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கீல்வாயுவால் வதைந்து, 1555–56-இல் முடியைத் துறந்து மடாலயம் ஒன்றின் அருகே ஒதுங்கினார். பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த அவருடைய சுண்டு விரலை 2006-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, அது கீல்வாயுவே என்று உறுதிப்படுத்தினர். ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1683-இல் கீல்வாயுவைப் பற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது. அவரே அந்நோயால் துன்புற்றவர்.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் அரசரின் சுண்டு விரலுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. அவருடைய பல்லக்கைத் தூக்கிய தோள்கள் என்னவாயின என்று எந்த ஏடும் கூறவில்லை. வைத்தியருக்குப் பணம் கொடுக்க வல்லவரின் நோயே நூலில் ஏறிற்று. இதை மருத்துவரின் குற்றமென்று சொல்வதைவிட, அக்காலச் சமுதாயத்தின் அமைப்பு என்று சொல்வதே பொருந்தும்.

மொடேனாவில் ஒரு கேள்வி

அந்த அமைப்பில் முதல் விரிசலை உண்டாக்கியவர் இத்தாலியரான பெர்னார்தினோ ரமாஸினி. 1633-ஆம் ஆண்டில் கார்ப்பி என்னும் சிற்றூரில் பிறந்து, மொடேனா நகரில் மருத்துவப் பேராசிரியராய் விளங்கியவர். ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி ஒருவன் மூச்சு விடாமல் விரைந்து வேலை செய்வதைக் கண்டார். “ஏன் இவ்வளவு அவசரம்? சற்று நிதானமாய்ச் செய்தால் களைப்பு குறையுமே” என்ற கருத்தில் அவனிடம் கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழியில் இருந்தால் கண் போய்விடும் என்ற பொருள்பட அவன் விடையிறுத்தான். மெத்தப் படித்த பேராசிரியருக்கு அது புதிய செய்தி. குழியில் இறங்கியவனுக்கோ அது அன்றாட அறிவு.

அந்த விடை அவரைத் தெருவுக்கு அழைத்துச் சென்றது. நெசவாளர், ரொட்டி சுடுவோர், தையற்காரர், சுமை தூக்குவோர் என்று ஒவ்வொரு தொழிலாளரையும் அவர் தேடிச் சென்று பார்த்தார். 1700-ஆம் ஆண்டில், தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் மொடேனாவில் வெளியாயிற்று. 1713-இல் அதை விரிவாக்கி மீண்டும் வெளியிட்டார். தொழிலால் வரும் நோய்க்கு அவர் இரண்டு காரணங்களைக் கண்டார். ஒன்று, கையாளுகின்ற பொருளின் நஞ்சு. மற்றொன்று, உடலின் முறையற்ற அசைவும் இயற்கைக்கு மாறான இருப்பும். இந்த இரண்டாவது காரணம்தான் நம் பொருளுக்கு உரியது.

வாழ்நாள் முழுவதும் இறகு பிடித்துப் பத்திரம் எழுதிய ஓர் எழுத்தரைப் பற்றி அவர் கூறுகிறார். முதலில் அவருடைய கை சோர்ந்தது; பிறகு வலக்கை முழுவதும் செயலற்றுப்போயிற்று. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அந்தக் கையையும் அதே நோய் பற்றிக்கொண்டது. வலக்கை போனால் இடக்கையை அடகு வைக்க வேண்டிய நிலை அவருடையது. எழுதாவிட்டால் அடுப்பு எரியாது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நோயாளியிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று கிரேக்க மேதை ஹிப்பாக்கிரட்டீஸ் வகுத்த கேள்விகளோடு மேலும் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார் ரமாஸினி: “நீர் செய்யும் தொழில் யாது?” தொழிலாளியின் வீட்டில் முக்காலிதான் கிடைக்குமென்றாலும் மருத்துவர் அதில் அமர்ந்து பொறுமையாய்க் கேட்கவேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். அந்த ஒரு கேள்வியால் முதுகு கூனியவனின் பெயர் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் ஏறிற்று. வணிகரின் ஏட்டிலும் அரசின் ஏட்டிலும் ஏற இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

தந்தியடித்த விரல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கம்பி வழியே செய்தி பறந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மனிதன் தன் மணிக்கட்டை ஆட்டி விசையைத் தட்டவேண்டும். நாள் முழுவதும் தட்டிய கைகளில் இனந்தெரியாத ஒரு பிடிப்பு வந்தது. விசையருகே கை சென்றதும் விரல்கள் விறைக்கும். நினைத்த எழுத்து ஒன்றாயிருக்க, தட்டிய எழுத்து வேறாகும். எழுத்தர்களுக்கு வரும் இதேபோன்ற நோயை ஆங்கில மருத்துவர்கள் முன்னரே விவரித்திருந்தனர். தந்திப் பணியாளரின் கைப்பிடிப்பு 1870-களில் மருத்துவ இதழ்களில் இடம்பெறலாயிற்று.

பிரிட்டனில் 1870-ஆம் ஆண்டுமுதல் தந்தி அரசின் அஞ்சல் துறைக்கு உரியதாயிற்று. ஆகவே, கை போனவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அரசையே நோக்கி எழுந்தது. 1906-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், விபத்துக்கு மட்டுமன்றிச் சில தொழில்நோய்களுக்கும் ஈடு கொடுக்க வழி செய்தது. எந்தெந்த நோய்களைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆராய ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தாழ்ந்த சுரங்கங்களில் மண்டியிட்டு நிலக்கரி வெட்டுவோருக்கு முழங்காலும் முழங்கையும் உள்ளங்கையும் வீங்கிப் புண்படும் நோய்கள் 1907-இல் பட்டியலில் ஏறின. தந்திப் பணியாளரின் கைப்பிடிப்பு 1908-இல் ஏறிற்று.

இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்தக் குழு வகுத்த அளவுகோல் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு நோய் பட்டியலில் ஏறவேண்டுமானால், அது இன்ன தொழிலால்தான் வந்தது என்று ஒவ்வொரு நோயாளியிடத்தும் நிறுவக்கூடியதாய் இருக்கவேண்டும். தந்தி விசையைத் தட்டுவோருக்கு வரும் பிடிப்பை அப்படி நிறுவிவிடலாம். முதுகுவலியை எப்படி நிறுவுவது? அது முதலாளிக்கும் வருகிறது, முதியவருக்கும் வருகிறது, வேலையே செய்யாதவருக்கும் வருகிறது. எல்லார்க்கும் வரக்கூடிய நோய் என்ற ஒரே காரணத்தால், அதை மிகுதியாகச் சுமந்தவனின் கணக்கு தள்ளுபடியாயிற்று.

1911-ஆம் ஆண்டில் தந்திப் பணியாளரின் நோயை ஆராய்ந்த அரசுக் குழு, இரண்டு காரணங்கள் சேர்ந்தே அந்நோய் வருகிறது என்று முடிவு கூறிற்று: வேகமான அசைவுகளால் மீண்டும் மீண்டும் வரும் களைப்பு ஒன்று, பணியாளரிடத்தே உள்ள நரம்புத் தளர்ச்சி மற்றொன்று. பாதிப் பழி வேலையின்மேல், மறுபாதி வேலை செய்தவன்மேல்! இந்தப் பங்கீடு பின்னரும் பல தொழில்களில் பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தந்தி போய்விட்டது, நம் நாட்டிலும் 2013 ஜூலையில் அச்சேவை நின்றுவிட்டது. பழியைப் பங்கிடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

குட்டைக் காம்பு

கொல்லாத நோயின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. அதன் மையப்பொருள் ஒரு களைக்கொத்து.

சலினாஸ் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் லெட்டூஸ் என்னும் கீரை பயிராகிறது. சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கும் அம்மாநிலத்தில் விளைந்தது. நெருக்கமாய் முளைத்த நாற்றுகளைக் கலைத்துவிடவும் களை நீக்கவும் தொழிலாளரிடம் ஒரு கருவி கொடுக்கப்பட்டது. அதன் காம்பு இரண்டடிக்கு மேல் போகாது. பெரும்பாலும் அதனினும் குறைவு. நிமிர்ந்து நின்றால் அதன் அலகு மண்ணைத் தொடாது. ஆகவே தொழிலாளி இடுப்பை இரண்டாய் மடித்து, தலையை முழங்காலளவுக்குத் தாழ்த்தி, வரிசைக்கு வரிசை, காலைமுதல் மாலைவரை நடக்கவேண்டும். ஸ்பானிய மொழி பேசிய தொழிலாளர் அதற்கு ‘எல் கொர்த்தீத்தோ’, அதாவது ‘குட்டையன்’, என்று பெயரிட்டனர். ‘ஷைத்தானின் கை’ என்றும் அதனை அழைத்தனர்.

குனிந்தவன் முதுகுக்குள் நிகழ்வது என்ன? முன்னோக்கிச் சாய்ந்த மேலுடலின் பாரத்தை விழாமல் பிடித்திருப்பவை முதுகெலும்பை ஒட்டிய தசைகள். அவை இழுக்க இழுக்க, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டுகள் நசுங்குகின்றன. சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் அந்தத் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், முன்னோக்கிக் குனியும்போது அது ஏறத்தாழ 150 ஆயிற்று. இந்தத் தட்டுக்கு வளர்ந்த மனிதனிடத்தில் நேரடியான இரத்த ஓட்டம் பெரும்பாலும் இல்லை. சிதைந்தால் எளிதில் செப்பனிட்டுக்கொள்ளாது. ஒரு நாளில் தெரியாத சேதம், பத்தாண்டில் மனிதனை முடமாக்கிவிடுகிறது.

நீண்ட காம்புள்ள களைக்கொத்து உலகில் இல்லாத பொருளன்று. பிறகு ஏன் குட்டைக் காம்பு? நீண்ட காம்பு வைத்தால் இளங்கீரைகள் வெட்டுப்படும், வேலை நுட்பமாய் அமையாது, செலவு ஏறும் என்று பண்ணையார்கள் வாதிட்டனர். அவர்கள் வெளிப்படையாய்ச் சொல்லாத வசதி ஒன்றும் அதில் இருந்தது. வயலின் ஓரத்தில் நிற்கும் மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிடும். குனிந்திருப்பவன் வேலை செய்கிறான், நிமிர்ந்தவன் ஓய்வெடுக்கிறான். நிமிர்வதே குற்றமாயிற்று!

அந்த வயல்களில் குனிந்தவர் யாவர்? சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள், பின்னர் மெக்சிக்கர் என்று அலை அலையாய் வந்த அயலார். 1942 முதல் 1964 வரை அமெரிக்காவும் மெக்சிக்கோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்கீழ் மட்டும் 45 லட்சத்திற்கும் மேற்பட்ட வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஓர் ஒப்பந்தத்தில் முதுகு முறிந்தவன் ஊர் திரும்புவான். அடுத்த ஒப்பந்தத்தில் வேறொருவன் வருவான். தொழிற்சங்க உரிமை தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலி வகுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் பண்ணைத் தொழிலாளரை வெளியே நிறுத்திவிட்டன. முடமானவனுக்குச் சோறு போட்டது மெக்சிக்கோவின் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்த அவன் குடும்பம். கலிபோர்னியாவின் கணக்கேட்டில் அந்தச் செலவு ஒரு டாலர்கூட ஏறவில்லை. கீரை மலிவாய்க் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்த சீசர் சாவேஸ் (1927–1993) இளமையில் இந்தக் கருவியோடு உழைத்தவர். வாழ்நாள் முழுவதும் முதுகுவலியால் துன்புற்றவர். அவர் சங்கம் ஒருபுறம் போராட, ஏழைகளுக்கு இலவசமாய் வழக்காடும் கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பு ஒன்று மறுபுறம் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. மாரிஸ் ஜோர்டேன் என்னும் இளம் வழக்கறிஞர் அதில் முன்நின்றார். 1972-இல் தொழிலாளர் சார்பில் மாநிலத் தொழிற் பாதுகாப்புத் துறையிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டது. பாதுகாப்பற்ற கைக்கருவிகளைத் தொழிலாளரிடம் கொடுக்கலாகாது என்று ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. குட்டைக் களைக்கொத்தும் அத்தகைய கருவியே என்பதுதான் மனுவின் சாரம். இதை இடைவிடாது பயன்படுத்தினால் முதுகெலும்பு நிரந்தரமாய்க் கெடும் என்று மருத்துவர்கள் விசாரணையில் சாட்சியம் அளித்தனர்.

1973 ஜூலையில் மனு தள்ளுபடியாயிற்று. காரணம் வியப்புக்குரியது. பாதுகாப்பற்ற கருவி என்றால் உடைந்த கருவி, கூர் மழுங்கிய கருவி, பழுதான கருவி என்றே அதிகாரிகள் பொருள் கொண்டனர். இந்தக் களைக்கொத்தோ நன்றாகவே இருக்கிறது; காம்பு ஆடவில்லை, அலகு கழலவில்லை. கெடுவது கருவியன்று, அதைப் பிடித்தவன் முதுகு. ஆகவே விதி இதற்குப் பொருந்தாது!

வழக்கு கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1975 ஜனவரி 13-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி மாத்யூ டோப்ரினர் எழுதிய அத்தீர்ப்பு, அதிகாரிகள் கொண்ட பொருள் மிகக் குறுகியது என்று கூறிற்று. கருவியில் பழுது இருந்தாலும் சரி, பழுதற்ற கருவியைப் பயன்படுத்தும் முறையால் ஊறு விளைந்தாலும் சரி, தொழிலாளிக்கு விளைவது ஒன்றே. ஆகவே மனுவை மீண்டும் ஆராயவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதத்தில் ஆளுநராய்ப் பொறுப்பேற்றிருந்த ஜெர்ரி பிரவுனின் ஆட்சியில், 1975 ஏப்ரலில் குட்டைக் களைக்கொத்து தடை செய்யப்பட்டது.

பண்ணைகள் அழிந்துவிடும் என்று சொல்லப்பட்டதே, அழிந்தனவா? இல்லை. தொழிலாளர் நீண்ட காம்பைப் பிடித்து நிமிர்ந்து நடந்தனர். கீரை முன்போல் விளைந்தது. இன்றும் அமெரிக்காவில் லெட்டூஸ் விளைச்சலில் கலிபோர்னியாவே முதலிடம் வகிக்கிறது. பல தலைமுறைகளின் முதுகுகளைத் தின்ற கருவிக்கு மாற்று, சில அடி நீளமுள்ள ஒரு மரக்காம்பு மட்டுமே.

கதை அத்துடன் முடியவில்லை. கருவியைத் தடை செய்ததும், சில பண்ணைகளில் கருவியே இல்லாமல் வெறுங்கையால் களை பறிக்கச் சொன்னார்கள். முதுகு மீண்டும் குனிந்தது. அதற்கும் கட்டுப்பாடு விதிக்க 2004-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த விதியிலும் இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. செலவு தண்ணீரைப் போன்றது. ஒரு மடையை அடைத்தால், தாழ்வான வேறோர் இடத்தைத் தேடிப் பாயும்.

உலகக் கணக்கேட்டில்

நோயின் செலவைக் கணக்கிடும் முறையும் இதே காலத்தில்தான் உருப்பெற்றது. அமெரிக்கப் பொருளியலாளர் டாரத்தி ரைஸ் 1966-இல் ஒரு நோயின் செலவை இரண்டாய்ப் பிரித்துக் காட்டினார். மருத்துவருக்கும் மருந்துக்கும் கொடுப்பது நேர்ச் செலவு. உழைக்க முடியாமற்போவதால் இழக்கும் உற்பத்தி மறைமுகச் செலவு. இந்த முறையில் மூட்டு, தசை நோய்களைக் கணக்கிட்டபோது, பல நாடுகளில் மருந்துச் செலவைவிட இழந்த உழைப்பின் மதிப்பே பெரிதாய் நிற்பதை ஆய்வாளர் கண்டனர்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. இழந்த உழைப்பைக் கூலியால் அளக்கும்போது, அதிகச் சம்பளக்காரரின் ஒரு நாள் வலி பெரிய தொகையாகிறது. கூலியாளின் ஒரு மாத வலி சிறிய தொகையாகிறது. குறைந்த கூலி கொடுத்தவனே, அந்தக் குறைந்த கூலியைக் காட்டி இழப்பும் குறைவுதான் என்று சொல்ல இது இடம் கொடுக்கிறது. முடங்கியவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் வார்க்கும் மனைவியின் உழைப்புக்கோ பல கணக்குகளில் இடமே இல்லை.

1993-இல் உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை புதியதோர் அளவையை முன்வைத்தது. இறந்ததால் இழந்த ஆண்டுகளோடு, முடங்கி வாழ்ந்த ஆண்டுகளையும் அது சேர்த்து எண்ணியது. பணக்காரனின் ஓராண்டும் ஏழையின் ஓராண்டும் அதில் ஓராண்டே. கிரான்ட் காலத்துப் பட்டியலில் இல்லாத இடம், 331 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. 2000 முதல் 2010 வரையிலான காலத்தை ‘எலும்பு மூட்டுப் பத்தாண்டு’ என்று உலகளவில் கடைப்பிடித்தனர். 2010-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வு 2012-இல் வெளியானபோது, மனிதர் முடங்கி வாழும் ஆண்டுகளுக்கு முதற்காரணம் கீழ்முதுகு வலியே என்று தெரியவந்தது. அதே 2010-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது.

இன்று உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீட்டின்படி, எலும்பு, மூட்டு, தசை நோய்களோடு வாழ்வோர் ஏறத்தாழ 171 கோடிப் பேர். கீழ்முதுகு வலியால் மட்டும் 2020-இல் 61.9 கோடிப் பேர் துன்புற்றனர். 2050-க்குள் அது 84.3 கோடியாகலாம் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். மக்கள்தொகை பெருகுவதும், மனிதர் நீண்டநாள் வாழ்வதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

மீண்டும் அதே கேள்வி

எண்கள் பெரியவை. பெரிய எண்களுக்கு ஒரு தீமை உண்டு. அவற்றில் முகம் மறைந்துவிடும். 171 கோடி என்று படித்தவுடன், யாராலும் எதுவும் செய்ய முடியாத இயற்கையின் கேடு என்று எண்ணத் தோன்றும். முதுமையால் தேயும் மூட்டு இயற்கையே. அதை எவரும் மறுக்கவில்லை. ஆயின், இயற்கை என்று நினைத்த ஒன்று சிலவேளை ஒரு காம்பின் நீளமாக இருந்துவிடுகிறது என்பதே கலிபோர்னியா கற்பித்த பாடம்.

நம் ஊர்களிலும் நாற்று நடும் பெண்டிர் நாள் முழுவதும் குனிந்தே நிற்கின்றனர். பீடி சுற்றும் பெண்மணி மடியில் முறத்தை வைத்துக் கழுத்தைத் தாழ்த்தியபடியே மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறாள். இடுப்பு வலிக்கிறது என்றால் “வயதாகிவிட்டது” என்கிறோம். முப்பத்தைந்து வயதில் ஒருவருக்கு வயதாகிவிட்டதென்றால், வேறெங்கோ ஒரு காம்பு குட்டையாக இருக்கிறது என்று பொருள் கொள்ளலாகாதா? திருந்திய நெல் சாகுபடி வந்தபோது, நிமிர்ந்து நின்று தள்ளும் களைக்கருவியும் அதனோடு நம் வயல்களுக்கு வந்தது. நட்ட வயலில் நிமிர்ந்தபடியும் களை எடுக்கலாம் என்பதை அப்போது நம் கண்ணாலேயே கண்டோம்.

வலி இருக்கும் இடத்தில் செலவும் இருக்கிறது. அதை முதலாளி ஏற்காவிட்டால், அரசும் ஏற்காவிட்டால், வாங்கி உண்ணும் நாமும் விலையில் ஏற்காவிட்டால், அது மறைந்துவிடுவதில்லை. மிகவும் வலுவற்ற வீட்டின் கூரைமேல் போய் இறங்குகிறது. மலிவு என்று நாம் மகிழ்ந்து வாங்கும் பல பொருள்களின் மீதி விலையை, நாம் அறியாத யாரோ ஒருவரின் முதுகு கட்டிக்கொண்டிருக்கிறது.

வாஷிங்டன் நகரில் அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. சீசர் சாவேஸின் குடும்பம் அளித்த குட்டைக் களைக்கொத்து ஒன்றை அங்கே பாதுகாத்து வைத்திருக்கின்றனர். அது அவருடைய தந்தையார் பிடித்த கருவி. இந்தக் களைக்கொத்தைப் பார்க்கையில், முக்காலியில் அமர்ந்து ரமாஸினி கேட்கச் சொன்ன கேள்விதான் நினைவுக்கு வருகிறது. வலி என்று ஒருவர் நம்மிடம் வரும்போது, மருந்தின் பெயரைச் சொல்லுமுன், அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்போம்: “நீர் செய்யும் தொழில் யாது?”